எண்ணெயும் எண்ணும்

கார் வைத்திருக்கும் ஒருவரிடம் இன்ஜின் ஆயிலை எப்போது மாற்ற வேண்டும் என்று கேட்டால் உடனே ஓர் எண் வந்து விழும். 5,000 கிலோமீட்டர் என்பார் ஒருவர். 10,000 என்பார் இன்னொருவர். அமெரிக்காவில் கார் ஓட்டிப் பழகிய தலைமுறைகளோ 3,000 மைல் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று மேலும் கேட்டால்தான் தடுமாற்றம். அப்பா அப்படித்தான் செய்தார், மெக்கானிக் சொன்னார், கடையில் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார்கள் என்ற அளவில் பதில் நின்றுவிடும். இவ்வளவு பேர் இவ்வளவு உறுதியாகப் பின்பற்றும் ஒரு வழக்கம் காரணமில்லாமல் தோன்றியிருக்காது. காரணம் இருந்தது; அதுவும் வலுவான காரணம். ஆனால் அது காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே வந்தது என்பதையும், எண் மட்டும் சில சமயம் மாறாமல் தங்கிவிட்டது என்பதையும் இந்த வழக்கத்தின் நூற்றாண்டு வரலாறு காட்டுகிறது. ஆயில் மாற்றும் தூரம் ஆயிலின் குணத்தைப் பொறுத்தது என்றே பொதுவாக நினைக்கிறோம். வரலாற்றைப் பார்த்தால் பெட்ரோல், சாலை, காற்று, இன்ஜினின் அமைப்பு, ஃபில்டர், ஓட்டும் விதம் எல்லாம் கூடித்தான் அந்தத் தூரத்தைத் தீர்மானித்திருக்கின்றன. காரணத்தை மறந்து எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் ஒருபுறம் நல்ல ஆயிலைக் கொட்டினார்கள். மறுபுறம் நல்ல இன்ஜினைக் கெடுத்தார்கள்.

தொடக்கத்தை ஃபோர்டின் மாடல் டி காரிலிருந்து பார்க்கலாம். 1908 முதல் 1927 வரை சுமார் ஒன்றரைக் கோடி கார்கள் அந்த மாடலில் வெளிவந்தன. சாதாரண மனிதர்கள் பெருந்திரளாக வாங்கிய முதல் கார் அதுவே. ஆகவே ஆயில் மாற்றும் பழக்கத்தைப் பெருந்திரளான மக்கள் கற்றுக்கொண்டதும் அதில்தான். அந்த இன்ஜினில் ஆயில் பம்ப் கிடையாது. பின்பக்கம் சுழலும் பெரிய ஃப்ளைவீல் ஆயிலை வாரி இறைக்கும்; அதில் ஒரு பகுதி ஒரு மெல்லிய குழாய் வழியாக முன்பக்கம் ஓடிப்போய், அங்கிருந்து வழிந்து திரும்பும். ஃபில்டர் இல்லை. டிப் ஸ்டிக்கும் இல்லை. ஆயில் மட்டத்தைப் பார்க்க காருக்கு அடியில் படுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும் இரண்டு சிறு குழாய்த் திருகுகளைத் திறந்து பார்க்க வேண்டும். புதுக் கார் 400 அல்லது 500 மைல் ஓடியதும் ஆயிலை வடித்துவிட வேண்டும், அதன்பின் ஏறத்தாழ 750 மைலுக்கு ஒருமுறை வடிக்க வேண்டும் என்றது அதன் கையேடு. 750 மைல் என்றால் 1,200 கிலோமீட்டர். வடித்த பிறகு ஒரு கேலன் மண்ணெண்ணெய் ஊற்றி, இன்ஜினைக் கையால் சுற்றிக் கழுவவும் சொன்னது. இன்று மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டும் ஒருவர் அந்தக் கணக்கில் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை ஆயில் மாற்றியிருப்பார்.

இதை மிகையான எச்சரிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த ஆயில் எதையெல்லாம் தாங்க வேண்டியிருந்தது என்று பார்த்தால் 750 மைல் நியாயமாகவே தெரியும். முதலில் தூசி. 1904இல் அமெரிக்க அரசு எடுத்த கணக்கின்படி அந்த நாட்டின் கிராமப்புறப் பொதுச்சாலைகள் 21 லட்சம் மைலுக்கு மேல். அவற்றில் கல்லோ சரளையோ ஏதோ ஒன்று பாவப்பட்டது ஏழு சதவீதம்தான். மற்றதெல்லாம் மண். மாடல் டி காரில் காற்று வடிகட்டி இல்லாததால் சாலைத் தூசி கார்புரேட்டர் வழியே நேராக சிலிண்டருக்குள் போனது. உப்புத்தாள்போல உராயும் அந்த மணல் ஆயிலில் கலந்து பேரிங்குகளையும் பிஸ்டன் ரிங்குகளையும் தேய்த்தது. அதை இன்ஜினிலிருந்து வெளியேற்ற இருந்த ஒரே வழி ஆயிலையே வெளியேற்றுவதுதான். வடிகட்ட வழியில்லாதபோது அழுக்குத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிப்பது போன்றது அது.

அடுத்தது பெட்ரோல். கார்களின் எண்ணிக்கை பெருகப் பெருக, கச்சா எண்ணெயிலிருந்து கிடைத்த இலேசான பெட்ரோல் போதவில்லை. ஆகவே எளிதில் ஆவியாகாத கனமான பகுதிகளும் பெட்ரோலில் சேர்க்கப்பட்டன. குளிரில் இன்ஜினைக் கிளப்ப சோக்கை இழுத்தால் ஆவியாகாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து, ரிங்குகளைத் தாண்டி, கீழே சம்ப் எனும் தொட்டியில் இருக்கும் ஆயிலில் கலந்தது. கெட்டியாக இருக்க வேண்டிய ஆயில் நீர்த்துப்போனது. 1920களில் இது அமெரிக்கக் கார்த் தொழிலின் பெரிய தலைவலியாக இருந்தது. 1922 வாக்கில் கார் உற்பத்தியாளர்களும் எண்ணெய்த் தொழில்துறையினரும் பொறியாளர்களும் அரசின் அளவைகள் ஆய்வகமும் கூட்டாகத் தொடங்கிய எரிபொருள் ஆராய்ச்சி முதலில் எடுத்துக்கொண்ட கேள்விகளில் இதுவும் ஒன்று. நீரும் இதில் கூட்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ அதே அளவு நீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விட்டாலும் ஒரு சிறு பங்கு ரிங்குகளைக் கடந்து உள்ளே இறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடானால் அது ஆவியாகிப் போகும். சூடாவதற்குள் அணைத்துவிட்டால் அங்கேயே படிந்து, புகைக்கரியோடும் அமிலத்தோடும் சேர்ந்து சேறாகும்.

ஆயிலின் தரத்தைப் பற்றி அன்று யாருக்கும் உறுதியான அளவுகோல் இல்லை. 1859இல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில் ஊரில் எட்வின் டிரேக் கிணறு தோண்டியபின் கிடைத்த கச்சா எண்ணெய், முதலில் விளக்கெரிக்கவும் பின்பு நீராவி இயந்திரங்களுக்கு மசகாகவும் பயன்பட்டது. வால்வோலினும் வேக்கும் ஆயிலும் 1866இல் அந்தச் சந்தைக்காகத் தொடங்கிய நிறுவனங்கள். தாவர எண்ணெய்க்கும் மதிப்பிருந்தது. நம் ஊர் ஆமணக்கெண்ணெய் கடும் வெப்பத்திலும் உலோகத்தை விட்டு விலகாது என்பதால் முதல் உலகப் போர்க் கால விமான இன்ஜின்களில் ஊற்றப்பட்டது. சார்லஸ் வேக்ஃபீல்டின் நிறுவனம் 1909இல் தன் ஆயிலுக்கு வைத்த காஸ்ட்ரால் என்ற பெயரும் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்ததே. ஆனால் ஆமணக்கெண்ணெய் சீக்கிரம் காற்றோடு வினைபுரிந்து பிசினாக இறுகிவிடும். நெடுநாள் இன்ஜினுக்குள் விட்டுவைக்க முடியாது. அமெரிக்காவின் வாகனப் பொறியாளர் சங்கம் 1911இல் ஆயில்களை வகைப்படுத்தியபோதுகூட அளந்தது பாகுத்தன்மையை மட்டுமே, அதாவது ஆயில் எவ்வளவு கெட்டி, எவ்வளவு இளக்கம் என்பதை. எவ்வளவு காலம் தாங்கும், அழுக்கை என்ன செய்யும் என்பதை அந்தத் தர எண் சொல்லவில்லை.

750 மைலை முதலில் அசைத்தது ஆயிலின் முன்னேற்றம் அல்ல, ஃபில்டர். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட், ஜார்ஜ் கிரீன்ஹால் இருவரும் 1920களின் தொடக்கத்தில் ஆயில் ஃபில்டரை உருவாக்கி, அதற்கு பியூரோலேட்டர் என்று பெயர் வைத்தார்கள். 1924இல் வந்த முதல் கிரைஸ்லர் கார் அதைப் பொருத்திக்கொண்டது. அந்தக் காலத்து ஃபில்டர் பம்ப் தள்ளும் ஆயிலில் ஒரு சிறு பங்கை மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் வடிகட்டியது. முழு ஆயிலும் அதன் வழியே போகும் அமைப்பு பின்னால்தான் பரவியது. 1950 வரையிலும் பல அமெரிக்கக் கார்களில் ஃபில்டருக்குத் தனி விலை கொடுக்க வேண்டியிருந்தது. இருந்தும் காற்று வடிகட்டி, ஆயில் ஃபில்டர், தார்ச் சாலை மூன்றும் சேர்ந்து தூசி என்ற காரணத்தைப் பலவீனப்படுத்தின. அடுத்த இருபது ஆண்டுகளில் 1,000 மைல் என்பது பரவலான அறிவுரையானது. பருவம் இன்னொரு காரணமாக எஞ்சியது. ஒரே பாகுத்தன்மை கொண்ட ஆயில்களே கிடைத்ததால் குளிர்காலம் வரும் முன் இளக்கமான ஆயிலும் கோடைக்கு முன் கெட்டியான ஆயிலும் மாற்ற வேண்டியிருந்தது. இரு பருவத்துக்கும் பொருந்தும் மல்ட்டிகிரேடு ஆயில் 1950களில் பரவியபோதுதான் அந்தக் கட்டாயம் விலகியது.

ஆயிலின் குணம் உண்மையாகவே மாறியது டீசல் இன்ஜினால். 1930களில் கேட்டர்பில்லர் நிறுவனத்தின் டீசல் டிராக்டர்களில் பிஸ்டன் ரிங்குகள் கரியில் ஒட்டிச் சிக்கிக்கொண்டன. அன்றைய சிறந்த ஆயில்கள்கூட அதைத் தடுக்கவில்லை. கலிஃபோர்னியா ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தோடு சேர்ந்து தேடியதன் விளைவாக 1935இல் டெலோ என்ற ஆயில் வந்தது. சோப்பு துணியிலிருந்து அழுக்கைப் பிரிப்பதுபோல, அதில் கலந்த ரசாயனம் கரியை உலோகத்தில் படியவிடாமல் ஆயிலிலேயே மிதக்கவைத்தது. 1940களில் துத்தநாகமும் பாஸ்பரஸும் கொண்ட ஒரு சேர்மம் புகுந்தது. பேரிங் அரிப்பைத் தடுக்கக் கொண்டுவரப்பட்ட அது, உலோகத்தோடு உலோகம் உரசும் இடங்களில் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குவதும் பின்னர் தெரிந்தது. 1947இல் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் ஆயில்களைப் பயன்பாட்டின்படி பிரிக்கத் தொடங்கியது. இதன் பிறகு பழைய ஒரு நம்பிக்கை தலைகீழாகிவிட்டது. ஆயில் கறுத்துவிட்டால் கெட்டுவிட்டது என்று சொல்வது, கரியை இன்ஜினுக்குள்ளேயே ஒட்டவிட்ட பழைய ஆயில்களின் காலத்துப் பேச்சு. சோப்புக்குணம் கொண்ட ஆயில் சீக்கிரம் கறுப்பது அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். டீசல் காரில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடுவதும் அதனால்தான். நிறத்தை வைத்து ஆயிலின் ஆயுளைச் சொல்லும் பழக்கம் இன்றும் நம் பட்டறைகளில் நிலைத்திருக்கிறது. அதற்கான காரணம் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டது.

1960களிலும் 1970களிலும் மேலும் சில காரணங்கள் கழன்றன. புகைமூட்டத்தால் திணறிய கலிஃபோர்னியாவில் 1961ஆம் ஆண்டு மாடல் கார்களிலும், இரண்டு ஆண்டுகளில் அமெரிக்கா முழுவதிலும், இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை உறிஞ்சி மறுபடி எரிக்கும் ஒரு வால்வு பொருத்தப்பட்டது. காற்று மாசைக் குறைக்க வந்த அந்த வால்வு, நீராவியையும் பெட்ரோல் ஆவியையும் ஆயிலில் படியும் முன்பே இழுத்துக்கொண்டு போனது. 1960களின் நடுவில் ஃபோர்டு தன் கார்களுக்கு 6,000 மைல் வரை சொல்லத் தொடங்கியிருந்தது. 1975இல் வினையூக்கி மாற்றிகளோடு ஈயமில்லாப் பெட்ரோல் வந்தபோது, ஈயத்தோடு கலந்த குளோரினும் புரோமினும் ஆயிலுக்குள் உண்டாக்கிய அமிலமும் குறைந்தது. இதே காலத்தில் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காருக்கு 3,000 மைல், அதாவது 5,000 கிலோமீட்டர், என்ற கணக்கே தொடர்ந்தது. அதற்கும் காரணம் இருந்தது: காற்றால் குளிரும் சூடான இன்ஜின், இரண்டரை லிட்டர் ஆயில் மட்டும், தாள் ஃபில்டருக்குப் பதில் ஒரு கம்பிவலைச் சல்லடை. ஒரே பத்தாண்டில், ஒரே கடை ஆயிலுக்கு, இரண்டு கார்களில் இரண்டு எண்கள் சரியாக இருந்தன. எண் ஆயிலுக்குச் சொந்தமானதல்ல என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

அப்படியானால் 3,000 மைல் எப்படி எல்லாக் காருக்கும் சட்டமானது? 1980களின் ஜெனரல் மோட்டார்ஸ் கையேடுகளில் இரண்டு அட்டவணைகள் இருந்தன. சாதாரணமாக ஓட்டுவோருக்கு 7,500 மைல் அல்லது 12 மாதம். பெரும்பாலும் குறுந்தூரம் ஓடுவது, நெடுநேரம் நின்றபடி இன்ஜின் ஓடுவது, தூசியில் ஓடுவது, பின்னால் வண்டி இழுப்பது ஆகிய கடும் நிலைகளுக்கு 3,000 மைல் அல்லது 3 மாதம். அதே ஆண்டுகளில்தான் காரை உள்ளே விட்டதும் பத்து நிமிடத்தில் ஆயில் மாற்றித் தரும் கடைகள் அமெரிக்கச் சாலையோரம் எங்கும் முளைத்தன. அவற்றில் பெரிதான ஜிஃபி லூப் 1991இல் பென்சாயில் என்ற ஆயில் நிறுவனத்தின் கைக்கே போனது. கண்ணாடியின் மூலையில் அடுத்த தேதியும் அடுத்த மைலும் எழுதி ஒட்டும் ஸ்டிக்கர், கையேட்டின் இரண்டு அட்டவணைகளில் கடுமையானதை மட்டும் எல்லோருக்கும் பொதுவாக்கியது. இதில் வணிக லாபம் இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் முழுக்க ஏமாற்று என்று சொல்வதும் வரலாற்றுக்கு நியாயமாகாது. அந்த எண் கற்பனையாகப் புனைந்ததல்ல, கையேட்டிலிருந்தே எடுத்தது. வாடிக்கையாளர் எப்படி ஓட்டுகிறார் என்று கேட்கும் நேரம் பத்து நிமிடக் கடையில் இல்லை. கேட்காதபோது கடுமையான எண்ணைச் சொல்வதே பாதுகாப்பு. காரணத்தை விசாரிக்கும் வேலையைக் கைவிட்ட இடத்தில் எண் சடங்கானது.

அந்தச் சடங்கைச் சோதித்தும் பார்த்தார்கள். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 1996இல் நியூயார்க் டாக்சிகள் 75இல் இன்ஜினைப் புதுப்பித்து, ஒவ்வொன்றையும் 60,000 மைல் ஓடவிட்டு, பிறகு பிரித்து அளந்தது. 3,000 மைலுக்கு ஆயில் மாற்றிய இன்ஜினுக்கும் 6,000 மைலுக்கு மாற்றியதற்கும் தேய்மானத்தில் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. இதற்கு எழுந்த மறுப்பு கவனிக்கத்தக்கது. டாக்சி நாள் முழுவதும் ஓடுவது. அதன் இன்ஜின் ஆறுவதே அரிது. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி, இரண்டு மைல் ஓட்டி, அணைத்துவிடும் வீட்டுக்காரின் துன்பம் டாக்சிக்குத் தெரியாது. மறுப்பு சரியே. ஆனால் அது 3,000 மைல் என்ற எண்ணுக்கு ஆதரவாகாது. நெரிசலில் நாளெல்லாம் ஓடும் டாக்சியும் கையேட்டின்படி கடும் நிலைதான். அதற்கே 6,000 போதுமென்றால், கடும் நிலை என்ற ஒரே சொல்லுக்குள் வெப்பமும் குளிரும் தூசியும் வெவ்வேறு வழியில் ஆயிலைத் தாக்குகின்றன என்பதே அந்தச் சோதனையும் அதன் மறுப்பும் சேர்ந்து சொல்வது.

இன்ஜினின் விலையோடு ஒப்பிட்டால் ஆயிலின் விலை அற்பம், சீக்கிரம் மாற்றுவதில் என்ன நட்டம் என்பது இன்னொரு வாதம். தனி ஒருவரின் கணக்கில் இது எடுபடலாம். ஊரின் கணக்கில் எடுபடாது. ஒரு காரிலிருந்து ஒருமுறை வடிக்கும் பழைய ஆயில் 10 லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. கார்களின் எண்ணிக்கையை நினைத்துப் பார்த்தால், தேவையில்லாத ஒவ்வொரு ஆயில் மாற்றமும் சாக்கடைக்கோ மண்ணுக்கோ போகக்கூடிய இன்னொரு நான்கு லிட்டர். கலிஃபோர்னிய அரசின் கழிவு மேலாண்மைத் துறை 2010களின் தொடக்கத்தில், உங்கள் காரின் எண்ணைக் கையேட்டில் பாருங்கள் என்று ஓர் இயக்கமே நடத்தியது இதற்காகத்தான். பழைய ஆயிலைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தலாம். இரண்டரைக் குவார்ட் (ஒரு குவார்ட் என்பது கால் கேலன்) மசகு எண்ணெய் எடுக்க 42 கேலன் கச்சா எண்ணெய் வேண்டும், பழைய ஆயில் என்றால் ஒரு கேலன் போதும் என்பதும் அதே முகமையின் கணக்கு. இந்தியாவிலும் பழைய ஆயிலைத் திரும்பப் பெற்றுச் சுத்திகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் வைக்கும் விதிகள் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. அவை முழுமையாக வேலை செய்யும் நாள்வரை, பட்டறை வாசலில் வழிந்து கறுத்த மண்ணே நம் கணக்கேடு.

இதற்கு நேரெதிரான, இன்னும் வலுவான ஒரு மறுப்பு உண்டு. நிறுவனங்கள் சொல்லும் நீண்ட தூரத்தை நம்பியவர்களின் இன்ஜின்கள் சேறு கட்டிப்போன வரலாறு அது. 1997 முதல் 2002 வரை டொயோட்டா விற்ற சில கார்களில் ஆயில் களியாக இறுகியதாகப் பெருமளவு புகார்கள் எழுந்தன. 2002இல் அந்த நிறுவனம் அந்த இன்ஜின்களின் பழுதை, கார் வாங்கிய நாளிலிருந்து எட்டு ஆண்டுகள் வரை, தானே ஏற்பதாக அறிவித்தது. ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் 1.8 லிட்டர் டர்போ இன்ஜின் கொண்ட கார்களிலும் அமெரிக்காவில் அதே தொல்லை எழுந்தது. நீண்ட தூரம் சொல்ல நிறுவனங்களுக்கும் நோக்கம் இருக்கிறது. பராமரிப்புச் செலவு குறைவு என்று விளம்பரம் செய்யலாம். வாரண்டி முடிந்தபின் வரும் தேய்மானம் இரண்டாவது உரிமையாளரின் பாடு. ஆகவே நிறுவனத்தின் எண்ணையும் கண்மூடி ஏற்க முடியாது என்பது உண்மை. ஆனால் இதே காலத்தில் ஐரோப்பாவில் ஃபோக்ஸ்வேகன் 30,000 கிலோமீட்டர் அல்லது இரண்டு ஆண்டு என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதற்கென்றே வகுத்த உயர்தர சிந்தெடிக் ஆயிலும், ஓட்டும் விதத்தைக் கவனித்துத் தூரத்தைக் குறைக்கும் உணரிகளும் அந்த ஏற்பாட்டின் பகுதிகள். சாதாரண ஆயிலை ஊற்றிக்கொண்டு நீண்ட எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் இன்ஜின் தாங்காது. பழைய சிறிய எண்ணைச் சடங்காக்குவது எப்படித் தவறோ, புதிய பெரிய எண்ணைச் சடங்காக்குவதும் அப்படியே தவறு.

எண்ணைத் துறந்து காரணத்தை நேரடியாகக் கணக்கிடும் முயற்சி 1980களில் நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் ஷெர்லி ஷ்வார்ட்ஸ் என்ற வேதியியலாளரும் உடன் உழைத்தவர்களும், ஆயிலைக் கெடுப்பது கடந்த தூரத்தைவிட எந்த வெப்பநிலையில் இன்ஜின் எத்தனை முறை சுற்றியது என்பதே என்று கண்டார்கள். நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது ஆயில் மெதுவாகக் கெடுகிறது. கொதிக்கும் சூட்டில் பாரம் இழுக்கும்போதும், உறைகுளிரில் கிளப்பிச் சில நிமிடத்தில் அணைக்கும்போதும் வேகமாகக் கெடுகிறது. காரில் இருக்கும் கணினி சுற்றுகளையும் வெப்பத்தையும் எண்ணி, மிச்சமிருக்கும் ஆயுளைச் சதவீதமாகக் காட்டும் அமைப்பு 1988இல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் வந்தது. ஒரே மாடல் கார் ஒருவரிடம் 3,000 மைலிலும் இன்னொருவரிடம் 10,000 மைலுக்குப் பிறகும் ஆயில் கேட்க முடியும் என்பதை அந்தக் கருவி முதன்முறையாகக் கண்ணால் காட்டியது. அதற்கும் எல்லை உண்டு. அது ஆயிலைத் தொட்டுப் பார்ப்பதில்லை. என்ன ஆயில் ஊற்றப்பட்டது, மட்டம் குறைந்ததா, தூசி போனதா என்று அதற்குத் தெரியாது. சரியான ஆயில் ஊற்றப்பட்டிருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் அது கணக்குப் போடுகிறது.

இந்தியாவின் எண்ணும் இப்படித்தான் நகர்ந்தது, அதற்கான காரணங்களில் முக்கியமானது நம் பெட்ரோல் பங்க். அம்பாசடரும் பத்மினியும் ஓடிய பத்தாண்டுகளில் பெட்ரோலில் ஈயம், டீசலில் நிறையக் கந்தகம். கந்தகம் எரிந்தால் அமிலம். அதை முறிக்க ஆயிலில் காரத்தன்மை கொண்ட சேர்மங்கள் கலக்கப்படுகின்றன. அந்தக் காரம் தீர்ந்தால் ஆயிலின் பாதுகாப்பும் தீரும். நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்தது. அதே ஆண்டு டீசலில் கந்தகத்தின் வரம்பு பத்து லட்சத்தில் 2,500 பங்கு. 2020 ஏப்ரலில் வந்த பாரத் ஸ்டேஜ் 6 மாசுக் கட்டுப்பாட்டு விதியில் அது 10 பங்கு. இருபது ஆண்டில் 250 மடங்குக் குறைவு. ஆயிலும் மாறியது, சென்னை மணலி சுத்திகரிப்பு ஆலை உள்ளிட்ட இடங்களில் தயாராகும் அடிப்படை எண்ணெயோடு இன்று கலக்கும் சேர்மங்கள் பழைய தலைமுறை கண்டிராதவை. இன்று பல கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்று நிறுவனங்கள் சொல்வது இந்த அடிப்படையில்தான். 5,000 கிலோமீட்டருக்குப் பழகியவர்கள் இதைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். அந்த 5,000 கந்தகத்தோடும் ஈயத்தோடும் வாழ்ந்த இன்ஜின்களின் எண் என்பதை நினைவில் வைத்தால் சந்தேகம் தணியும்.

ஆனால் நம் சாலைக்கு 10,000 சரிப்படுமா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. நெரிசலில் ஊர்ந்து சராசரியாக மணிக்கு 15 கிலோமீட்டர் போகும் கார் 10,000 கிலோமீட்டரைக் கடக்க 660 மணி நேரத்துக்கு மேல் இன்ஜினை ஓட்டியிருக்கும். நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டரில் போகும் கார் அதே தூரத்தை 170 மணிக்குள் முடித்திருக்கும். மீட்டர் இரண்டையும் ஒன்றாகவே காட்டும். ஆயில் ஒன்றாகப் பார்க்காது. மறுபக்கம், அமெரிக்க எண்களைச் சுருக்கிய உறைகுளிர் நமக்கு இல்லை. சென்னையிலோ மதுரையிலோ இன்ஜின் சீக்கிரம் சூடாகிவிடும். நீரும் பெட்ரோலும் ஆயிலில் தங்கும் நேரம் குறைவு. ஆகவே நம் கணக்கில் தூசிக்காகவும் நெரிசலுக்காகவும் தூரத்தைக் குறைக்க வேண்டும், குளிருக்காகக் குறைக்க வேண்டியதில்லை. நகரத்துக்குள் மட்டும் ஓடும் காருக்கு நிறுவனத்தின் எண்ணைக் கணிசமாகக் குறைத்துக்கொள்வது அறிவார்ந்த முடிவு. வாரந்தோறும் நெடுந்தூரம் போகும் காருக்கும் அதே குறைப்பைச் செய்வது வீண்.

காரணங்கள் ஒரே திசையில்தான் போகும் என்றும் சொல்ல முடியாது. எரிபொருளை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் சிறிய டர்போ இன்ஜின்கள் 1920களின் நோயைத் திரும்பக் கொண்டுவந்திருக்கின்றன. 2018இல் சீனாவின் குளிர்ப் பகுதிகளில் ஹோண்டாவின் 1.5 லிட்டர் டர்போ கார்களில் பெட்ரோல் ஆயிலில் கலந்து மட்டமே உயர்ந்தது. இத்தகைய இன்ஜின்களின் தேவைக்காக அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் 2020இல் புதிய தரத்தையே வகுத்தது. 2025க்குள் இந்தியப் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் சேர்ந்துவிட்டது. எத்தனால் நீரை ஈர்ப்பது, குறுந்தூரம் மட்டும் ஓடும் காரில் அது கவனிக்க வேண்டிய விஷயம். நாளை நம் எண் மறுபடி சுருங்கினால் வியப்பதற்கில்லை. அப்போது பழைய மெக்கானிக் சொன்னதே சரி என்று முடிவுகட்டவும் கூடாது. அவர் கண்ட காரணம் வேறு, நாளைய காரணம் வேறு. எண் ஒன்றாக அமைவது தற்செயல்.

மாடல் டி கையேடு 750 மைல் சொன்னபோது அந்த இன்ஜினையும் அந்தச் சாலையையும் அறிந்தே சொன்னது. அந்த அறிவைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். கார்க் கையேட்டின் பின்பகுதியில் கடும் பயன்பாட்டுக்கான அட்டவணை ஒன்று இன்றும் இருக்கிறது. பெரும்பாலோர் அதைத் திறப்பதே இல்லை. அதில் உள்ள நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படித்து, தினம் எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம் நெரிசல், எவ்வளவு தூசி என்று தன் காரோடு ஒப்பிட்டால் பத்து நிமிடத்தில் சரியான எண் கிடைத்துவிடும். அதோடு கையேடு சொன்ன தரத்தில் ஆயில் ஊற்றுவது, மாதம் ஒருமுறை டிப் ஸ்டிக்கில் மட்டம் பார்ப்பது, அதிகம் ஓடாத காருக்கு மாதக் கெடுவை மதிப்பது ஆகியவையும் சேர வேண்டும். அடுத்த கார், அடுத்த எரிபொருள், அடுத்த வேலையிடம் வரும்போது அந்தப் பத்து நிமிடக் கணக்கை மறுபடி போட வேண்டும்.